மடித்துக் கொண்டுவந்த படம்

பி.எட். இரண்டாம் ஆண்டில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டும். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளியாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் மட்டும் மேற்குக் கடற்கரையில் ஏதாவது ஒரு பள்ளி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் வீடு தோவாளையில். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு பேருந்து, அங்கே இறங்கி இனயம் போகிற பேருந்து, அதிலும் பாதி வழியில் இறங்கிக் கால் மணி நேர நடை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

"உனக்கு கிறுக்கா மக்ளே? பக்கத்துல பள்ளிக்கூடமே இல்லியா?" என்று அம்மா கேட்டாள்.

இருந்தது. ஆனால் தெரிந்த தெருவில், தெரிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கே பாடம் சொல்லிக் கொடுப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றியது. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. பாதியில் விட்ட கிட்டார் வகுப்பு, பாதியில் விட்ட இந்தி வகுப்பு, பாதி வாசித்துக் கவிழ்த்து வைத்த புத்தகங்கள் என்று வீடு முழுக்க என் பாதிகள்தான் கிடந்தன. முழுசாகக் கைவந்தது ஒன்றே ஒன்று. புகைப்படத்தைப் பார்த்துக் கார்ட்டூன் வரைவேன். பெரிய தலை, சின்ன உடம்பு. பத்து நிமிடத்தில் ஒரு முகம். கல்லூரியில் பாதிப் பேர் கைப்பேசியில் முகப்படமாக வைத்திருந்தது நான் வரைந்து கொடுத்ததுதான். என்னிடம் யாராவது "சீக்கிரம் முடிச்சிட்டியே" என்று சொன்னால் போதும், அன்று முழுக்கத் தரையில் கால் பாவாது.

எனக்கு ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். முப்பத்து நான்கு பிள்ளைகள். ஆங்கிலத்தில் உடைகளைப் பற்றி ஒரு பாடம். நான் இன்ன சட்டை போட்டிருக்கிறேன், அவள் இன்ன பாவாடை உடுத்தியிருக்கிறாள் என்று சொல்லிப் பழக வேண்டும். கரும்பலகையில் எழுதிப்போட்டு மூன்று தரம் சொல்ல வைத்தால் முடிந்துவிடும். எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன்னையே ஒரு காகிதப் பொம்மையாகச் செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். தலை, புகைப்படத்திலிருந்து வெட்டி எடுத்தது. உடம்பு, அட்டையில் கார்ட்டூன் மாதிரி நான் வரைந்து தருவது. அதற்குக் காகிதத்தில் சட்டை, பாவாடை, சீருடை, மழைக்கோட்டு. உடைகளின் தோளில் சின்னக் காது மாதிரி விட்டு வெட்டினால் அதை மடக்கிப் பொம்மையின் தோளில் மாட்டலாம், கழற்றலாம். தன் பொம்மைக்குத் தானே உடுத்திவிட்டுக்கொண்டு பேசினால் வாக்கியம் தன்னால் வரும் என்பது என் கணக்கு.

முதலில் என் பொம்மையைச் செய்து கொண்டுபோனேன். தலை என்னுடைய புகைப்படம், கண்ணாடிக்கு மேல் கறுப்பு மையால் இன்னும் பெரிய கண்ணாடி, கீழே குச்சி குச்சியாகக் கை கால். மேசைமேல் நிற்க வைத்ததும் வகுப்பு கொந்தளித்துவிட்டது.

"டீச்சருக்க தல சக்கப்பழம் கணக்கா இருக்குலே" என்று என் தலையைப் பலாப்பழமாக்கினான் முதல் பெஞ்சில் ஒருவன்.

"ஏலே, டீச்சருட்ட அப்பிடி சொல்லப்பிடாது" என்றாள் பக்கத்து வரிசைக்காரி. சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"செவ்வாய்க்கிழமை எல்லாரும் உங்க படம் ஒண்ணு கொண்டு வரணும். முகம் என் பெருவிரல் அளவுக்காவது இருக்கணும். பாஸ்போர்ட் சைஸ் கொண்டு வராதீங்க, பத்தாது" என்று சொன்னேன்.

பாஸ்போர்ட் படம் என்றால் எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்தது. பள்ளியிலேயே எடுத்து ஒட்டி வைத்திருந்தார்கள். அதைப் போதாது என்று சொன்னது நான்தான். என் பொம்மையின் தலை அழகாக, பெரிதாக வந்திருந்ததால் மற்றதும் அப்படியே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வேறு காரணம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு மணிக்குப் பிறகு என் மேசைக்கு முன் வரிசை நின்றது. மறுநாள் காலை எங்கள் கல்லூரிப் பேராசிரியை என் வகுப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் முப்பத்து நான்கு தலைகளும் உடம்பில் ஏறியாக வேண்டும். தலைமையாசிரியையான சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "கத்திரி பிள்ளைகள் கையில போகக்கூடாது. போன வருஷம் ஒருத்தன் முன்னால இருந்தவளுக்க சடையை வெட்டிப்போட்டான்." ஆகவே எல்லாத் தலையையும் நானே வெட்டினேன். பழைய கல்யாணக் கடிதங்களை வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்திருந்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணக் கடிதம் என்கிற அழைப்பிதழ் பலகை மாதிரி தடியாக இருக்கும், பொம்மைக்கு அதைவிட நல்ல அட்டை கிடைக்காது. அதில் உடம்புகளை முன்கூட்டியே வரைந்து வெட்டி, கழுத்துக்கு மேல் பசையைத் தடவித் தடவி வரிசையாக வைத்துக்கொண்டேன். படத்தை வாங்கு, வெட்டு, பசைமேல் வை, அழுத்து. அடுத்தது.

விதவிதமாகக் கொண்டுவந்திருந்தார்கள். முதல் நற்கருணைக்கு வெள்ளையுடுப்பில் மெழுகுவர்த்தியோடு நின்றது, அண்ணன் கல்யாணத்தில் பிரியாணி தின்னும்போது எடுத்தது, துபாயிலிருந்து வந்த மாமாவின் மடியில் இருந்தது. ஒருவன் மீன்பிடி வள்ளத்தின் முனையில் ஏறி நிற்கிற படத்தைக் கொடுத்துவிட்டு, "வள்ளத்தையும் சேத்து வெட்டுங்க டீச்சர்" என்றான். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன். கை மட்டும் நிற்கவில்லை.

வரிசையின் கடைசியில் நின்றவள் அதிகம் பேசாதவள். மெலிந்த பெண். வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிடும்போது "உள்ளேன்" என்பதையும் உதட்டுக்குள்தான் சொல்லுவாள். அவள் நீட்டிய படத்தில் ஏழு வயசு இருக்கும் அவளுக்கு. கன்னியாகுமரிக் கடற்கரையில், ஒரு சுவரோரமாக, மஞ்சள் ஃபிராக் போட்டுக்கொண்டு நிற்கிறாள். முகம் நல்ல பெரிசு. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

அவள் படத்தை என் கையில் விடவில்லை. "டீச்சர், நான் வெட்டட்டா?" என்றாள்.

"கத்திரி உங்க கையில தரப்பிடாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்காங்கல்லா? தா."

"வீட்டுல போயி வெட்டிட்டு வாறேன் டீச்சர். நாளைக்கு கொண்டாறேன்."

"நாளைக்குத்தான் கிளாஸே. தாம்மா, மணி அடிக்கப் போவுது."

நான் இழுத்தேன். அவள் விரல் ஒரு நொடி படத்தின் ஓரத்தில் அழுந்தி நின்றது, பிறகு விட்டது. படம் தடியாக இருந்தது. அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு கத்திரியை வைத்தேன். தலையைச் சுற்றி, காதோரமாக, தோள்வரை. ஒரு தோள் படத்தின் விளிம்பிலேயே இருந்ததால் அந்தப் பக்கம் வெட்ட வேண்டிய வேலைகூட இல்லை. வெட்டியதைத் திருப்பிப் பார்க்காமல் அப்படியே பசைமேல் வைத்து, தடியாக இருக்கிறதே என்று பெருவிரலால் இரண்டு தரம் அமுக்கி, அகராதியை எடுத்து மேலே வைத்தேன். மணி அடித்தது. "முடிஞ்சுது!" என்று கையைத் தூக்கினேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவள் அகராதியைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது. பொம்மை எப்போது காயும் என்று பார்க்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பு நான் நினைத்ததைவிட நன்றாக நடந்தது. முப்பத்து நான்கு பொம்மைகள் சட்டை மாற்றின, பாவாடை மாற்றின, மழைக்கோட்டு மாட்டின. பேசவே பேசாத அந்தப் பெண்கூட எழுந்து நின்று, "ஐ ஆம் வேரிங் எ யெல்லோ ஃபிராக்" என்று பிழையில்லாமல் சொன்னாள். பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த பேராசிரியை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். போகும்போது என் தோளைத் தட்டி, "நல்ல வேகம் இருக்கு உங்ககிட்ட" என்றார். அன்று முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலை நாலு மணிக்கு மேசைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் குப்பையில் கொட்டப் போனேன். வெட்டிக் கழித்த துண்டுகள் எல்லாம் அதில்தான் கிடந்தன. அவற்றில் ஒன்று கையில் தட்டுப்பட்டு, மடிப்பு விட்டு விரிந்தது. ஒரு முழுப் புகைப்படம். நடுவில் பட்டாம்பூச்சி மாதிரி ஓட்டை.

வலப்பக்கம் மஞ்சள் ஃபிராக்கின் கீழ்ப்பாதி, கடல், சுவர். இடப்பக்கம், அந்தச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணின் மடி, பச்சைச் சேலை, கழுத்துக்குக் கீழே கொஞ்சம். தலையும் தோளும் இருக்க வேண்டிய இடத்தில், பிள்ளையின் தலையும் தோளும் எந்த வடிவத்தில் இல்லையோ அதே வடிவத்தில் ஒன்றும் இல்லை. உட்கார்ந்திருந்ததால் அவள் முகமும் நின்றுகொண்டிருந்த பிள்ளையின் முகமும் ஒரே உயரத்தில் இருந்திருக்கின்றன. பிள்ளை படத்தை நடுவில் மடித்து, அந்தப் பெண் பின்பக்கம் போகும்படி செய்து, தன்னை மட்டும் முன்னால் காட்டி நீட்டியிருக்கிறாள். நான் இரண்டையும் சேர்த்து வெட்டிவிட்டேன். பசையில் அமுக்கியது அந்தப் பின்பக்கத்து முகத்தை.

ஆசிரியர் அறையில் அந்த வகுப்பின் ஆசிரியை கிளம்பிக்கொண்டிருந்தார். அதே ஊர்க்காரர். துண்டை அவரிடம் காட்டி, அது எந்தப் பிள்ளையுடையது என்று சொன்னேன். பையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

"அவளுக்க அம்மைதான் இது. படம் எங்க கெடந்துது? ஒண்ணும் மிச்சமில்லன்னுல்லா சொன்னாவ."

"ஏன் டீச்சர், இறந்துட்டாங்களா?"

"செத்திருந்தா மால போட்டு நடு வீட்டுல மாட்டியிருப்பானே. கேரளாவுல செம்மீன் கம்பெனிக்கு வேலைக்கு போனவ திரும்பி வரல. ஆரோடயோ போயிட்டான்னு ஊரெல்லாம் பறஞ்சுது. நாலு வருஷமாச்சு. இவளுக்க அப்பன் வீட்டுல இருந்த போட்டோ எல்லாத்தையும் முத்தத்துல போட்டு தீ வச்சான். கல்யாண ஆல்பத்தோட. அந்த வீட்டுல அவ பேர சொல்லப்பிடாது." அவர் துண்டை என்னிடமே திருப்பித் தந்தார். "நீ இத ஆர்ட்டயும் காட்டாத, கேட்டியா? அவன் காதுக்கு போச்சுன்னா புள்ளைக்குத்தான் அடி."

மறுநாள் காலை இடைவேளையில் குழாயடியில் அந்தப் பெண்ணைத் தனியாகப் பிடித்தேன். துண்டைப் பார்த்ததும் சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஏன் சொல்லல மக்ளே? பின்னால ஆள் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"எல்லாரும் நின்னாவல்லா டீச்சர்."

அவ்வளவுதான் அவள் பதில். பிறகு நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்பா தீ வைத்த அன்று இந்தப் படம் அவளுடைய இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்குள் இருந்திருக்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போடும்போது, அட்டைக்கும் தாளுக்கும் நடுவே இதை வைத்துவிடுவாளாம். ஒவ்வொரு வருஷமும் ஆங்கிலப் புத்தகம்தான். அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, அதனால் அதைத் தொடமாட்டார் என்றாள். பெரிய முகம் வேண்டும் என்று நான் சொன்னபோது, அவளிடம் இருந்த ஒரே பெரிய முகம் இதுதான்.

"பொம்மையக் கொண்டா. நான் பசையை எளக்கி எடுத்துத் தாறேன். நாளைக்கே தாறேன்" என்றேன்.

"கிழியாதா டீச்சர்?"

"கிழியாது. எனக்கு தெரியும்."

எனக்குத் தெரியாது. ஆனால் அவளிடம் சொன்ன அந்த நிமிடத்தில் தெரியும் என்றே நம்பினேன். அவள் வகுப்புக்குள் போய் ஆங்கிலப் புத்தகத்திலிருந்து பொம்மையை எடுத்து வந்து கொடுத்தாள். உடுத்திவிட்ட மஞ்சள் ஃபிராக் அப்படியே இருந்தது.

திரும்பி வரும் இரண்டு மணி நேரமும் பேருந்தில் கைப்பேசியில் அதையே தேடினேன். ஒட்டிப்போன புகைப்படத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்தால் தானாகக் கழன்று வரும் என்று ஒருவர் செய்து காட்டினார். அவர் கையில் அது அத்தனை சுத்தமாகக் கழன்று வந்தது. இன்னொரு காணொளியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பொம்மையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முன்னால் இருந்த பிள்ளையின் முகத்தை மெல்லத் தூக்கினால் கதவு மாதிரி திறந்தது. தோளோரத்து மடிப்பில் மட்டும் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. உள்ளே வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு மறுபக்கம்தான் முகம், அட்டையைப் பார்த்துக் கவிழ்ந்து.

"தண்ணியில போடாத. நாளைக்கு நாகர்கோவில்ல எறங்கி ஸ்டுடியோவுல ஒரு வார்த்த கேட்டுட்டு செய்யி."

"நாளைக்கு கொண்டாறேன்னு சொல்லிட்டேன்மா."

"ஒரு நாள் பிந்தினா அந்தப் புள்ள என்ன செஞ்சிரப் போவுது? நாலு வருஷம் பொத்தி வச்ச புள்ளைக்கு ஒரு நாள் வச்சிருக்கத் தெரியாதா?"

அம்மா சொன்னது காதில் விழுந்தது. விழுந்தும் நான் தண்ணீரில் விரலை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் யோசித்துத்தான் செய்கிறேன் என்று அவளுக்குக் காட்ட, மடிப்பில் வெட்டிப் பிள்ளையின் முகத்தைத் தனியாக எடுத்துப் பத்திரப்படுத்தினேன். பிறகு மிச்சத்தைத் தட்டத்தில் வைத்துத் தண்ணீரை ஊற்றினேன்.

கடற்கரையில் நின்று படம் எடுத்து, அங்கேயே சின்ன அச்சுப்பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்களே, அந்த மாதிரிப் படம் அது. மை. ஸ்டுடியோவில் கழுவிய படம் இல்லை. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் லேசாக நீலமானது. அது கல்யாணக் கடிதத்தின் சாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பழுப்பானது. பதறிப்போய் எடுத்தேன். முகம் அட்டையிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. கிழியவில்லை. புரட்டினால் இருந்தது, ஒரு முகம். ஒரு நொடி முழுதாக இருந்தது. மேலே பசை வெள்ளையாகப் படர்ந்திருக்க, அதை எடுத்துவிட்டால் தெளிவாகிவிடும் என்று பெருவிரலால் ஒரே தேய்.

பெருவிரல் பழுப்பாக இருந்தது. காகிதம் வெள்ளையாக இருந்தது.

அம்மா என்னைத் திட்டவில்லை. தட்டத்தை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரைக் கொட்டினாள். திரும்பி வந்து, "சாயா குடி" என்றாள்.

மறுநாள் குழாயடியில் அந்தப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். பேருந்தில் ஆயிரம் விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தும், கடைசியில், "தண்ணியில போட்டேன், முகம் தெரிஞ்சுது, பசையைத் தொடச்சேன், போயிட்டு" என்றுதான் வந்தது. அவள் முகத்தைப் புது உடம்பில் ஒட்டிய பொம்மையோடு, காய்ந்து சுருண்டிருந்த காகிதத்தைக் கொடுத்தேன். அவள் வாங்கி, காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை அவளுக்கு.

"சாரமில்ல டீச்சர்" என்றாள். எங்கள் மாவட்டத்தில் மேற்கே போகப்போக, பரவாயில்லை என்பதற்கு எப்போதும் இதைத்தான் சொல்லுவார்கள். காலை மிதித்தாலும் சாரமில்லை, சாப்பாடு தீர்ந்துபோனாலும் சாரமில்லை. அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது செய்திருப்பேன். அப்படிச் சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயிலிலிருந்து நேராகக் கன்னியாகுமரிக்குப் பேருந்து ஏறினேன். எடுத்தவரிடம் அந்தப் படம் இன்னும் இருக்கும் என்பது என் புது யோசனை. கடற்கரைப் படிகளில், கழுத்தில் கேமராவும் கையில் மாதிரிப் படங்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். "சூரியன கையில பிடிக்க மாதிரி எடுக்கலாம் மேடம், வாங்க" என்று ஒருவர் வந்தார். நான் ஓட்டை விழுந்த துண்டை எடுத்துக் காட்டினேன். நரைத்த மீசை அவருக்கு. துண்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஓட்டை வழியாக அவருடைய கண் தெரிந்தது.

"என்ன மக்கா, எலி கடிச்சுதா?"

"வெட்டிப்போட்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால எடுத்தது. ஃபைல் இருக்குமாண்ணே?"

"நாலு வருஷமா?" அவர் பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டார். "ஏலே, இஞ்ச வா. நாலு வருஷத்துக்கு மின்ன எடுத்த படம் வேணுமாம்." அவர் வந்து பார்த்துவிட்டு, "நேத்து எடுத்ததே இல்ல. சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் அழிச்சிருவோம். இல்லேன்னா காலம்பற எடுக்க எடம் இருக்காதுல்லா" என்றார். பின்பக்கத்தில் முத்திரை இருக்கிறதா என்று திருப்பினார்கள். இல்லை. "செவரு கூட பழைய செவராக்கும். இப்ப அது இல்ல, இடிச்சாச்சு" என்று நரைத்த மீசைக்காரர் எங்கேயோ கைகாட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தவர், "உனக்க அம்மையா மக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். இல்லை என்றால் முழுக் கதையையும் சொல்ல வேண்டும். அவர் ஏதோ நினைத்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல், குளிர்ந்த மோர் ஒரு பாக்கெட் வாங்கிக் கையில் திணித்தார். அதைக் குடிக்கவும் முடியாமல் போடவும் முடியாமல் பேருந்து நிலையம்வரை பிடித்துக்கொண்டு நடந்தேன்.

இனி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் பாக்கி. வரைந்து கொடுப்பது. திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவளை ஆளில்லாத நூலக அறையில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"அம்மைக்க கண்ணு எப்படி இருக்கும்?"

"கண்ணு..." யோசித்தாள். "கண்ணு மாதிரி இருக்கும்."

"பெரிசா, சின்னதா?"

"ஏசுனா பெரிசாவும்."

"சிரிச்சா?"

"சிரிக்கும்."

இதற்குமேல் வாங்க முடியவில்லை. நெற்றி, முடி, காது என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவள் பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி விழித்தாள். மூன்று நாள், ஐந்து முகம் வரைந்தேன். ஐந்தும் சிரித்தன. பெரிய கண், சின்னத் தாடை, பச்சைச் சேலை. புகைப்படம் இல்லாமல் நான் வரைந்தால் எல்லாரும் ஒரே ஆளாகத்தான் வருகிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அதில் தேவலாம் என்று பட்டதை வண்ணம் தீட்டி, அட்டையில் வெட்டி, பிள்ளைப் பொம்மையின் பக்கத்தில் நிற்கிற உயரத்துக்குச் செய்து, அதே நூலக அறையில் கொடுத்தேன்.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். "நல்ல அழகா இருக்கு டீச்சர்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்க அம்மை இவ்வளவு அழகு இல்ல" என்றாள்.

ஆளில்லாத அறை என்று நினைத்தேன். சன்னல் பக்கம் வள்ளத்துப் படம் கொண்டுவந்த பையன் நின்றிருக்கிறான். உள்ளே எட்டிப் பார்த்து, "ஏட்டி, ஆருட்டி இது? சினிமாக்காரியா?" என்றான்.

"டீச்சருக்க அக்கா" என்றாள் அவள், கண் இமைக்காமல்.

எனக்கு அக்கா கிடையாது. அந்தப் பொம்மையை அதற்குப் பிறகு நான் அவளிடம் பார்க்கவில்லை. எங்கே என்று கேட்கவும் இல்லை.

பயிற்சியின் கடைசி நாள் வந்தது. பிள்ளைகள் பேனாவும் மிட்டாயும் வாழ்த்து அட்டையும் கொண்டுவந்து மேசையில் குவித்தார்கள். பாதி வாழ்த்து அட்டைகளில் என்னைப் பெரிய தலையோடு வரைந்திருந்தார்கள். "போவாதீங்க டீச்சர்" என்று முதல் பெஞ்ச் கோஷம் போட்டது. நான் கண்ணைத் துடைத்தேன், அவர்கள் அதற்கும் கைதட்டினார்கள். பிரார்த்தனை மணி அடித்து எல்லாரும் மைதானத்துக்கு ஓடியபோது அவள் மட்டும் கதவோரமாக நின்றாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு மக்ளே."

"நீங்க தண்ணியில போட்டப்போ அம்மைக்க முகம் தெரிஞ்சுதுன்னு சொன்னீங்கல்லா?"

"ஆமா."

"அப்போ கடசியா பாத்தது நீங்கதான்." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கணக்கைச் சரிபார்க்கிற குரல். "எனக்கு முடி ஞாபகம் வருது. கண்ணும் வருது, ஏசுக மாதிரி. மூக்கு மட்டும் வரமாட்டேங்குது. மின்ன எல்லாம் பொத்தகத்த தொறந்து பாத்துக்கிடுவேன். இப்ப கண்ண மூடிக்கிட்டு எவ்வளவு நேரம் இருந்தாலும் மூக்கு வரல. மூக்கு எப்பிடி இருந்துது டீச்சர்?"

நான் உடனே பதில் சொன்னேன். எதற்கும் உடனே பதில் சொல்லிவிடுவேன். "அப்படியே உன் மூக்குதான். உன்னை உரிச்சு வச்ச மாதிரி."

அவள் கை மூக்குக்குப் போனது. நுனியைத் தொட்டுப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"எனக்கு அப்பாக்க மூக்குன்னுல்லா எல்லாரும் சொல்லுவாவ."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளோ நான் பொய் சொன்னேன் என்றுகூட எண்ணியதாகத் தெரியவில்லை. சரியாக ஞாபகம் வரவில்லை போல என்று எனக்கு நேரம் கொடுத்துக்கொண்டு நின்றாள். "பைய யோசிச்சு சொல்லுங்க டீச்சர். பிரேயருக்கு நான் பிந்திப் போயிக்கிடுவேன்."

யோசித்தேன். அந்தப் பள்ளியில் நான் செலவழித்த நாட்களிலேயே முதல் தடவையாக அவசரப்படாமல் யோசித்தேன் என்று நினைக்கிறேன். தட்டம் வந்தது, பழுப்புத் தண்ணீர் வந்தது, வழுக்கி வந்த காகிதம் வந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் பசை இருந்த இடம் ஒவ்வொன்றும் அத்தனை தெளிவாக வந்தது. பசைக்குக் கீழே யாரும் இல்லை.

"நான் பாக்கல மக்ளே" என்றேன். "கையில இருந்துது. நான் பசையைத்தான் பாத்தேன்."

மைதானத்தில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள். "சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பிரேயர் நடக்கும்போது குறுக்கே ஓடக் கூடாது என்பதால், சுவரோரமாகவே நடந்து போய்க் கடைசி வரிசையில் நின்றுகொண்டாள்.